ஷரீஅத் தடையும் மஹர் உரிமையும்

2010 நவம்பரில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநில வாக்காளர்களுள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் ஓர் அரசமைப்புத் திருத்தத்திற்கு இசைவளித்தனர். பன்னாட்டுச் சட்டத்தையோ ஷரீஅத்தையோ மாநில நீதிமன்றங்கள் கருத்திற் கொள்ளலாகாது என்பது அதன் சாரம். குர்ஆன், நபிகளாரின் (ஸல்) போதனை ஆகிய இரண்டையும் முதன்மை ஆதாரங்களாகக் கொண்ட சட்டமே ஷரீஅத் என வாக்குச்சீட்டு விளக்கிற்று. இஜ்மாவும் கியாஸும் எங்கே என்று நம் முதலாண்டு மாணவனும் கேட்பான், அது போகட்டும்.

முனீர் அவத் என்பார் வழக்குத் தொடுத்தார். ஷரீஅத்தைச் சுட்டி எழுதிய தம் வஸிய்யத்தை நீதிமன்றம் நிறைவேற்ற இயலாது போகும் என்பது அவர் முறையீடுகளுள் ஒன்று. ஓக்லஹோமா நீதிமன்றம் ஷரீஅத்தைக் கையாண்டதற்கு ஓர் எடுத்துக்காட்டையேனும் எதிர்த்தரப்பாரால் காட்ட இயலவில்லை. 2012 ஜனவரியில் கூட்டாட்சி மேல்முறையீட்டு மன்றம் இடைக்காலத் தடையை உறுதி செய்தது. 2013இல் அது நிரந்தரமாயிற்று.

ஆயினும், பெயர் சுட்டாத சட்டங்கள் பிழைத்துக்கொண்டன. 2010இல் டென்னசியும் லூயிசியானாவும், 2012இல் கான்சஸும் 'அயல்நாட்டுச் சட்டம்' என்ற பொதுச்சொல்லால் வேலி கட்டின. கான்சஸ் விவாதத்தில் ஷரீஅத்தின் பெயர் அடிபட்டது. சட்ட வாசகத்திலோ அது இல்லை. பெண்களைக் காக்கவே இச்சட்டம் என்றும் அங்கே வாதிட்டனர்.

இவ்வாதமே ஆராயத்தக்கது. அத்தகைய சட்டம் ஏதுமின்றியே, 2002இல் நியூஜெர்சி நீதிமன்றம் ஒரு நிகாஹ் ஒப்பந்தத்தை ஆராய்ந்தது. உடன் தரும் மஹர் ஒரு பொற்காசு. பின்னர் தருவது 10,000 டாலர். மார்க்கத்தின் நுட்பங்களுக்குள் நீதிபதி புகவில்லை. இரு தரப்பாரும் உடன்பட்டுக் கையொப்பமிட்டனரா என்பதையே, மணவிழாவின் ஒளிப்பதிவு உட்பட்ட சான்றுகளைக் கொண்டு நோக்கி, அத்தொகையை மனைவிக்கு வழங்கத் தீர்ப்பளித்தார். சாதாரண ஒப்பந்தச் சட்டமே போதுமாயிருந்தது. புதிய சட்டங்களோ, 'இது அயல்நாட்டுச் சட்டம்' என்ற மறுப்பைக் கணவனின் கையில் கொடுக்கின்றன. அவன் வெல்லாவிடினும், வழக்குச் செலவும் காலமும் அவளுடையவை.

நிகாஹ் ஏட்டை எழுதுவோரும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஐனுடன் எழுதும் முஅஜ்ஜல் உடன் தருவது; ஹம்ஸாவுடன் எழுதும் முஅஜ்ஜல் தவணைக்குரியது. ஆங்கில எழுத்திலும், ஏன், நம் தமிழ் எழுத்திலுமே இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. 'உடனே', 'பின்னர்' என்று நீதிபதி அறிந்த மொழியில், தொகையுடன் எழுதுவதை எந்த மத்ஹபும் தடுக்கவில்லை.