கலைத்துவிடும் வேட்டை

ராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதி, கடலாடி, முதுகுளத்தூர் பக்கத்து மானாவாரி வயல்களில் நெல் பால் பிடிக்கும் மார்கழியில்தான் காட்டுப்பன்றிப் பேச்சு உச்சத்துக்குப் போகும். ஒரு கூட்டம் ராத்திரி வயலில் இறங்கினால் தின்பது கொஞ்சம், மிதித்தும் புரண்டும் கிளறியும் கெடுப்பதுதான் அதிகம். விடிந்ததும் வரப்பில் நின்று பார்ப்பவனுக்கு வயிறு எரியும். அரசுக்குக் கொடுத்த மனுவுக்குப் பதில் வருவதற்குள் அறுவடை முடிந்துவிடும். அந்த எரிச்சலில்தான் ஊர் இளவட்டங்கள் நாலைந்து நாய், வேல்கம்பு, சுருக்குக் கம்பி, டார்ச் லைட்டோடு கருவக்காட்டுக்குள் இறங்குகிறார்கள்.

அனுமதி இல்லாமல் இது சட்டப்படி குற்றம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப்பன்றியைப் பட்டியலில் வைத்துக் காக்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு அது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவு, உயிருக்கோ நிற்கிற பயிருக்கோ ஆபத்தாகிவிட்ட விலங்கை எழுத்துமூல அனுமதியுடன் கொல்லவும் வழி விடுகிறது. 62-ஆம் பிரிவின்கீழ் மத்திய அரசு ஒரு விலங்கைக் குறிப்பிட்ட பகுதிக்கு, குறிப்பிட்ட காலத்துக்குத் 'தீங்குயிர்' என்று அறிவிக்கலாம். பீகாரில் 2015 டிசம்பரில் நீலான், காட்டுப்பன்றி இரண்டுக்கும், உத்தரகாண்டில் 2016 பிப்ரவரியில் காட்டுப்பன்றிக்கும் அப்படி அறிவித்தார்கள். ஆகவே கொல்லலாமா கூடாதா என்பதோடு விவாதத்தை நிறுத்திக்கொள்வதில் பொருளில்லை. கூட்டமாகப் போய் வேட்டையாடினால் பன்றி குறைகிறதா என்பதையே நான் பார்க்க விரும்புகிறேன்.

மலையும் அடர்காடும் இல்லாத ராமநாதபுரம் மாவட்டத்தில் பன்றிக்கு இருப்பிடம் எப்படிக் கிடைத்தது? சீமைக்கருவேலம் கொடுத்தது. கண்மாய் உள்வாய், வரத்துக்கால், ஓடை, தரிசு என்று அது ஏறாத இடம் இல்லை. முள்ளுக்குள் ஆள் நுழைய முடியாது, பன்றி தாராளமாக நுழையும். பகலெல்லாம் நிழல், கிடக்கச் சேறு, தின்ன இனிப்பான நெற்று, நூறு அடியில் நெல்லும் நிலக்கடலையும் சோளமும். பன்றிக்கு இதைவிட என்ன வேண்டும்? இதே மரம்தான் விறகாகவும் கரிமூட்டமாகவும் மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் ஊர் ஊராகப் பொக்லைன் இறங்கியது, சில மாதங்களிலேயே அந்த வேகத்துக்குத் தடையும் வந்தது. வேரோடு எடுத்த இடங்களிலும் அடுத்த மழைக்கு விதை முளைத்தது. பன்றிப் பிரச்சினையின் பாதி இந்தக் கருவக்காட்டில்தான் கிடக்கிறது.

கூட்டு வேட்டையின் பலம் என்ன என்பதை முதலில் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நகரத்திலிருந்து எழுதுகிறவர்கள் இதை வெறும் கொலை வெறி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வேட்டைக்குப் போகிறவர்களிடம் இருக்கும் அறிவு லேசானது அல்ல. ஈரத்தில் பதிந்த குளம்பைப் பார்த்து நேற்றைய தடமா, இன்றைய தடமா என்று சொல்வார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்த மடை வழியாகக் கூட்டம் வெளியேறும், எந்த மரத்தில் உடம்பைத் தேய்த்துச் சேறு பூசியிருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. முயலுக்குச் சிப்பிப்பாறையும் கன்னியும், பன்றிக்குக் கோம்பையும் மண்டை நாயும் என்று நாயைப் பிரித்து வளர்த்த ஊர்கள் தென்மாவட்டங்களில் உண்டு. சிவராத்திரியை ஒட்டிய பாரிவேட்டையில் ஊரே திரண்டு போன காலத்தை நினைவில் வைத்திருக்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பயிருக்கும் பன்றிக்கும் இடையிலான சண்டை நமக்குப் புதிதும் அல்ல. தினைப்புனத்துக்குள் நுழையுமுன் பல்லி சொல்லுக்குக் காது கொடுத்து நிற்கும் பன்றியைச் சங்கப் பாடல்கள் காட்டியிருக்கின்றன. வடமாவட்டங்களிலும் கொங்குப் பகுதியிலும் பன்றியோடு மோதிச் செத்தவனுக்கு நட்ட கல்லை ஆய்வாளர்கள் 'பன்றிக்குத்திப்பட்டான் கல்' என்றே குறிப்பிடுகிறார்கள். பயிரைக் காக்கப் போய் உயிரை விட்டவனை ஊர் தெய்வமாக்கியிருக்கிறது. அந்த மரியாதையின் மிச்சம் இன்றைய வேட்டைக் கூட்டத்திலும் இருப்பதால்தான், போய் வந்தவனை ஊர் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை.

இன்னொரு பலமும் உண்டு. தனித்தனியாக அவரவர் வயலுக்கு வேலி போடும்போது பன்றி பக்கத்து வயலுக்குப் போகிறது, அவ்வளவுதான். பழைய சேலையை வரப்பைச் சுற்றிக் கட்டுவதும் சலூனிலிருந்து முடி அள்ளி வந்து தூவுவதும் சில ராத்திரிக்கு வேலை செய்யும், பிறகு பழகிவிடும். ஊர் மொத்தமும் ஒன்றாக இறங்குவது வேட்டையில் மட்டும்தான்.

இவ்வளவு இருந்தும் பன்றியைக் குறைக்கும் வழி என்ற முறையில் இந்த வேட்டை தோற்கிறது. ஆட்களிடம் குறை இல்லை, வேட்டையின் அமைப்பே அப்படி. பன்றிக் கூட்டம் என்பது பெரும்பாலும் சில தாய்களும் அவற்றின் குட்டிகளும்தான். வளர்ந்த ஆண் தனியாகத் திரியும். நாய்கள் குரைத்துக்கொண்டு முள்ளுக்குள் பாய்ந்தால் கூட்டம் நாலு திசைக்கும் சிதறும். எதிர்த்து நின்று நாயோடு மல்லுக்கட்டுவது பெரும்பாலும் அந்தத் தனி ஆண்தான், மாட்டுவதும் அதுதான். பெரிய கொம்பனை வீழ்த்தினோம் என்று கைப்பேசியில் படம் வரும். ஆனால் ஓர் ஆண் போனால் இன்னோர் ஆண் வந்துவிடும், இனப்பெருக்கத்தில் ஒரு மாற்றமும் இருக்காது.

கணக்குக்காக ஒரு கண்மாய்க் கருவக்காட்டில் முப்பது பன்றி, அதில் பத்து தாய் என்று வைத்துக்கொள்வோம். சினைக்காலம் நாலு மாதத்துக்கும் குறைவு. ஓர் ஈற்றில் சாதாரணமாக நாலு முதல் ஆறு குட்டி. பாதி செத்தாலும் ஒரே ஈற்றில் குறைந்தது இருபது மிஞ்சும். ஒரு சீசனில் நாலைந்தைக் கொன்றுவிட்டுத் திரும்பினால் அடுத்த வருஷம் யார் ஜெயித்திருப்பார்கள்? பன்றி எண்ணிக்கை நிஜமாகவே இறங்க, வருஷத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் கூட்டத்தை அகற்ற வேண்டும் என்பது வெளிநாட்டு ஆய்வாளர்கள் பலரும் சொல்லும் அளவு. தாய்களை விட்டுவிட்டு அந்த அளவை எட்ட முடியாது.

இதில் பாடம் கற்றுக்கொண்ட நாடு அமெரிக்கா. டென்னசி மாநிலத்தில் 1999-இல் காட்டுப்பன்றியை எவ்வளவு வேண்டுமானாலும் சுடலாம் என்று மாநிலம் முழுக்க வேட்டைப் பருவத்தைத் திறந்துவிட்டார்கள். நடந்தது நேர்மாறு. அதுவரை பதினைந்து மாவட்டங்களுக்குள் அடங்கியிருந்த பன்றி, அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய எண்பது மாவட்டங்களில் தென்பட்டது. வேட்டை ருசி கண்டவர்கள் பன்றியைப் பிடித்துக்கொண்டுபோய்ப் புது இடங்களில் விட்டதும் அதற்கு ஒரு காரணம். 2011-இல் விதியைத் திருப்பி எழுதி, பன்றியை வேட்டை விலங்குப் பட்டியலிலிருந்தே எடுத்தார்கள். மிசௌரி மாநிலமும் 2016-இல் தன் இயற்கைவளப் பாதுகாப்புத் துறை நிலங்களில் பன்றி வேட்டையைத் தடை செய்தது. துப்பாக்கிக்குப் பஞ்சமே இல்லாத ஊரில் இந்த முடிவுக்கு வந்ததை நாம் யோசிக்க வேண்டும். அங்கே இப்போது நம்பப்படுவது பெரிய கூண்டுப் பட்டி. தீனி வைத்துப் பழக்கி, கூட்டம் முழுவதும் உள்ளே வரும்வரை பொறுத்திருந்து கதவைப் போடுவார்கள். ஒன்று வெளியே நின்றாலும் கதவு விழாது.

வேட்டையின் பக்க விளைவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இருட்டில் நாய் பிடிப்பது பன்றியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, புள்ளிமானும் முயலும் மயிலும் சிக்கும். ஊர்ப்பன்றிக்கும் காட்டுப்பன்றிக்கும் டார்ச் வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியாது. ஒன்றுக்குச் சொந்தக்காரர் உண்டு, மற்றதற்குச் சட்டம் உண்டு. கறி கைமாறுவது இன்னொரு தலைவலி. 2020-இல் வடகிழக்கில் நுழைந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டுப்பன்றிகள் வரை வந்துவிட்டது. மனிதனுக்கு அது தொற்றாது, ஆனால் கறியிலும் ரத்தத்திலும் கிருமி நாள்கணக்கில் கிடக்கும். பன்றி வளர்த்துப் பிழைக்கிற ஏழைக் குடும்பத்தின் பட்டிக்கு அது போய்ச் சேர ஒரு கறிப்பொட்டலம் போதும்.

வேட்டைக்கு ஆள் சேராத ஊர்களில் நடப்பது இன்னும் மோசம். தீனிக்குள் வெடியைப் பொதிந்து வைக்கும் அவுட்டுக்காயும், கம்பத்திலிருந்து கொக்கி போட்டு இழுக்கும் மின்கம்பியும் ஆளைப் பார்க்காது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பன்றிக்காக வயலைச் சுற்றிப் போட்டிருந்த கம்பியில் மூன்று யானைகள் செத்தன. ராமநாதபுரம் மாவட்டத்தில் யானை இல்லை. ஆனால் ராத்திரி கண்மாய்க்குப் போகிற மனிதன் இருக்கிறான், மேய்ச்சல் மாடு இருக்கிறது. வேட்டை, கம்பி இரண்டில் எது குறைந்த தீமை என்று கேட்டால், வேட்டை என்றே சொல்வேன்.

அப்படியானால் அரசு வழி எப்படி இருக்கிறது? கேரளம் 2022 மே மாதம் ஊராட்சித் தலைவர்களுக்கே சுட அனுமதிக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர்களைப் பட்டியலிட்டு, நாய்களோடு குழுவாக இறக்கி, சுட்ட பன்றியை யாரும் தின்னாதபடி மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் சுட்ட பிறகும் அங்கே கோரிக்கை ஓயவில்லை. சுடத் தெரிந்தவர்கள் போதவில்லை என்பது அங்கே வழக்கமான புகார். தமிழ்நாடு 2025 ஜனவரியில் தன் வழியை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடவும் பிடிக்கவும் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம், அதற்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறை ஊழியர்கள் சுடலாம். கிராம நிர்வாக அலுவலர், வனத்துறை ஊழியர், ஊராட்சித் தலைவர் அடங்கிய கிராமக் குழு பரிந்துரைக்க வேண்டும்.

தாளில் பார்த்தால் காப்புக்காடு குறைந்த ராமநாதபுரத்துக்கே தைத்த சட்டை மாதிரி இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இந்த மாவட்டம் உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் அதே 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து, தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். ஊரின் குரலாகக் குழுவில் உட்கார வேண்டியவரின் நாற்காலி, திட்டம் அறிவிக்கப்பட்ட மாதத்திலேயே காலி. அதைவிடப் பெரிய குறை, தடம் தெரிந்த ஊர்க்காரனுக்கு இந்தத் திட்டத்தில் வேலையே இல்லை என்பது. புகார் கொடுப்பதோடு அவன் பங்கு முடிந்துவிடுகிறது. துப்பாக்கி வைத்திருக்கும் ஊழியருக்கு எந்த மடையில் நிற்க வேண்டும் என்று தெரியாது, தெரிந்தவன் பக்கத்தில் நின்றால் குற்றவாளி. கூட்டு வேட்டையின் பெரிய சொத்தான அந்த அறிவை அரசு வீணடிக்கிறது.

காலமும் தப்பாக இருக்கிறது. கோபம் வருவது மார்கழியில், தையில். அப்போது எல்லாக் கண்மாயிலும் தண்ணீர், எங்கும் இரை, மறைந்துகொள்ள இடுப்பளவு நெல். பன்றி பரந்து கிடக்கும் அந்த நேரத்தில் நாயும் துப்பாக்கியும் அதைக் கலைக்க மட்டுமே முடியும். சித்திரை, வைகாசியில் முக்கால்வாசிக் கண்மாய்கள் வற்றி, மிச்சத் தண்ணீர் கிடக்கிற சில பள்ளங்களைச் சுற்றித்தான் கூட்டங்கள் அடைய முடியும். பயிர் இல்லாததால் தீனிக்கு ஏங்கும், கூண்டுப் பட்டிக்குள் வர அதுவே சரியான சமயம். முள் வெட்டுகிறவர்களும் கரிமூட்டம் போடுகிறவர்களும் வேலை செய்ய ஏற்ற பருவமும் அதுதான். பள்ளத்தைச் சுற்றி முள்ளை எடுத்து, ஊர்க்காரர்கள் தடம் காட்ட, கூட்டத்தை மொத்தமாகப் பிடித்து, துறை ஊழியர் அங்கேயே முடித்துப் புதைத்தால் புரட்டாசி விதைப்புக்கு முன் வேலை பாதி தீர்ந்திருக்கும். ஆனால் கோடையில் யாருக்கும் பன்றி நினைப்பு வருவதில்லை. ஊருக்கும் வருவதில்லை, அலுவலகத்துக்கும் வருவதில்லை.

பயிர்க் காப்பீட்டில் வனவிலங்குச் சேதத்தைச் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்திருக்கிறது. 2026 காரிஃப் பருவத்திலிருந்து நடைமுறை, சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் படத்துடன் செயலியில் பதிய வேண்டும். காப்பீட்டுத் தொகையை நம்பியே மானாவாரி விவசாயம் ஓடுகிற மாவட்டத்துக்கு இது பெரிய விஷயம். எந்தெந்த விலங்கு என்று மாநில அரசு பட்டியலிட வேண்டும், அதில் பன்றி இடம்பெறுகிறதா என்று விவசாயிகள் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

அதோடு ஒரு வேண்டுகோள். ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் பன்றி மனுவோடு போகிறவர்கள் அதைத் தையில் கொடுக்காமல் பங்குனியில் கொடுங்கள். சேதக் கணக்கோடு, எந்தக் கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது, எந்தப் பக்கம் தடம் விழுந்திருக்கிறது, குட்டியோடு எத்தனை தாய் தெரிகிறது என்பதையும் எழுதுங்கள். துப்பாக்கிக்கு முன்னால் கூண்டுப் பட்டியைக் கேளுங்கள், தடம் காட்ட உங்கள் ஊர் ஆட்களின் பெயரையும் சேர்த்தே கொடுங்கள்.