திருமேனியும் மானமும்

கழுகுமலைப் பாறையில் வரிசையாக அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர்களுக்கு ஆடை இல்லை. அவர்களுக்குக் கீழே வட்டெழுத்தில் சிறுசிறு குறிப்புகள்: இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார் செய்வித்த திருமேனி. ஆடையற்ற ஆணுடலை அந்தப் பாறை திருமேனி என்கிறது. ஆடையற்ற பெண்ணுடலுக்கு நம் பேச்சில் அப்படியொரு சொல் இல்லை. நமக்கு வாய்த்தது 'மானம்'. 'மானத்தை மறைக்க ஒரு முழத் துணி' என்கிறோமே, அங்கே மானம் என்பது கௌரவமா உறுப்பா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்க முடியாமல் இருப்பதுதான் அந்தச் சொல்லின் வேலை.

திருமேனிகளைச் செய்வித்தவர்களின் பெயர்களில் குரத்தியர் பலர் உண்டு. குரத்தி என்றால் பெண் ஆசிரியர். மாணாக்கரையும் மாணாக்கியரையும் உடைய சமணத் துறவியர். பாடநூல்களில் இவர்களுக்கு ஒரு வரி கிடைக்கும்: 'சமணம் பெண்கல்வியைப் போற்றியது.' போற்றியது உண்மைதான். ஆனால் அந்தக் குரத்தியர் செய்வித்து வணங்கிய நிலையை, அவர்கள் பெண்ணாக இருக்கும்வரை அடைய முடியாது என்பதும் அதே மரபின் கொள்கை. அதைப் பாடநூல் சொல்வதில்லை.

தமிழ்ச் சமணர் திகம்பரப் பிரிவினர். திசைகளையே ஆடையாகக் கொண்டவர் என்பது சொல்லின் பொருள். ஆடை ஓர் உடைமை, உடைமை உள்ளவரை பற்று, ஆடையைத் தேடவைக்கும் வெட்கமும் ஒரு பற்றே. எல்லாவற்றையும் விட்டவனுக்குத்தான் வீடுபேறு. இதுவரை எனக்கு மறுப்பில்லை, அழகான தருக்கம்கூட. அடுத்த படிதான் இடறுகிறது. பெண் ஆடையைத் துறக்க இயலாது, ஆகவே அவள் ஆணாகப் பிறந்து வர வேண்டும்.

ஏன் இயலாது? குந்தகுந்தரின் 'சுத்தபாகுடம்' பெண்ணின் உடலையே காரணமாகக் காட்டுகிறது. அக்குள், தொப்புள், மார்பகங்களின் நடுவிடம், பிறப்புறுப்பு ஆகியவற்றில் நுண்ணுயிர்கள் பிறந்து மடிகின்றன என்பது வாதம். ஆணுக்கும் அக்குளும் தொப்புளும் இருக்கின்றனவே என்று வகுப்பில் யாராவது கேட்காமல் விடுவதில்லை. பிற்கால விவாதங்களில் வேறு காரணங்களும் சேர்கின்றன: மாதவிலக்கு, நாணம், ஆடையில்லாமல் நடந்தால் ஆண்களால் தாக்கப்படுவாள் என்ற அச்சம். பத்மநாப ஜெயினி இந்த விவாத நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1991இல் வெளியிட்டார். அதைப் படிக்கும்போது என்னை நிறுத்தியது இந்தக் கடைசிக் காரணம்தான். தாக்குபவன் ஆண். தகுதி இழப்பவள் பெண். தாக்கக்கூடியவனுக்கு வீடுபேறு கிடைக்குமா என்ற கேள்வி அந்த விவாதத்தின் மையத்துக்கு வருவதேயில்லை.

எதிர்க்குரலும் இருந்தது. யாபனீயர் என்ற பிரிவின் துறவிகள் ஆடை அணியாதவர்கள். அவர்களில் ஒருவரான சாகடாயனர் ஒன்பதாம் நூற்றாண்டில் பெண்ணுக்கு வீடுபேறு உண்டு என்று வாதிட்டு 'ஸ்த்ரீநிர்வாண பிரகரணம்' எழுதினார். தலைப்பில் உள்ள நிர்வாணம் விடுதலையைக் குறிப்பது. தமிழ்க் காதுக்கு வேறொன்றும் கேட்கிறது, கேட்கட்டும். ஆனால் அவருடைய வாதமும் பெண் ஆடையைக் களையலாம் என்பதல்ல, ஆடையோடே வீடுபேறு அடையலாம் என்பது. அவளிடம் யாரும் கேட்கவில்லை. நீலகேசி என்ற பெண்ணை ஊர் ஊராக அனுப்பிப் பிற சமயத்தாரை வாதில் வெல்ல வைத்த தமிழ்ச் சமணக் காப்பியம் நம்மிடம் உண்டு. இந்த ஒரு வாதுக்கு அவளை யாரும் அனுப்பவில்லை.

சைவர்கள் சமணரின் அம்மணத்தை எள்ளினார்கள். அமணர் என்ற சொல்லிலிருந்தே அம்மணம் வந்தது என்பார்கள். ஒருகாலத்தில் சமணராக இருந்த அப்பர், தன் பழைய கோலத்தைக் கண்ட பெண்கள் ஓடிப்போய்க் கதவடைத்ததை நினைத்து வருந்துகிறார். அவருடைய வருத்தத்தைவிட எனக்கு அந்தக் கதவுகள்தான் முக்கியம். தெருவில் ஆடையின்றி நடப்பவன் ஆண். வீட்டுக்குள் போய்ப் பூட்டிக்கொள்வது பெண்ணின் பொறுப்பு. சைவரின் பிச்சாடனரும் ஆடையற்றவர்தான். அவர் வீதியில் வரும்போது வளை கழன்று, ஆடை நெகிழ்ந்து, நிலை தடுமாறுவது பெண்களுக்கு எழுதிவைத்த பாகம். ஒரு மரபில் கதவை அடைக்கிறார்கள், இன்னொன்றில் திறந்துவிட்டு மயங்குகிறார்கள். ஆணின் நிர்வாணம் இரண்டிலும் அவனுடைய ஞானமாகவே இருக்கிறது.

சைவத்தில் அந்தத் தெருவுக்கு வந்த பெண் காரைக்காலம்மையார். அதற்கு அவர் கொடுத்த விலையைச் சேக்கிழார் சொல்கிறார்: கணவனுக்காகச் சுமந்த தசையை உதறிவிட வரம் கேட்கிறார். கங்கைகொண்ட சோழபுரத்தில் நடராசர் ஆடும் சிற்பத்தில் எலும்பும் தோலுமாக அமர்ந்திருக்கிறார். அவரைக் காட்டும் சோழர் செப்புத் திருமேனிகளில் வற்றித் தொங்கும் மார்பை மறைக்க யாரும் முயலவில்லை. மறைக்கத் தேவையில்லை என்று தோன்றியிருக்கும்; ஆசைக்கு உதவாத உடல். பெண்ணின் திறந்த மேனியைத் தமிழ்ப் பக்தி மரபு ஏற்றுக்கொண்ட நிபந்தனை இது. பேயாகிவிட்டால் மானம் கேட்கமாட்டோம். அம்மையார் அந்த நிபந்தனையை ஏற்றாரா, அல்லது அதைத் தன் ஆயுதமாக்கினாரா? பேயின் உடலை அவர் பாடல்கள் விவரிக்கும் துணிச்சலைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. 1973இல் வந்த ஏ.பி. நாகராஜனின் படத்தில் அந்தப் பேயும் போய்விட்டது. கே.பி. சுந்தராம்பாள் திருநீறும் சேலையுமாக, கம்பீரமான பாட்டியாக வருகிறார். குரல் அபாரம். ஆனால் அது யாரும் கதவடைக்க வேண்டியிராத உருவம்.

ஸ்வேதாம்பரர் பத்தொன்பதாம் தீர்த்தங்கரரான மல்லியைப் பெண் என்கிறார்கள். திகம்பரர் ஆண் என்கிறார்கள். பெண் என்பவர்களும் சிலை வடிக்கும்போது மற்றத் தீர்த்தங்கரரைப் போலவே ஆணுருவாகத்தான் பெரும்பாலும் வடித்தார்கள். விதிவிலக்காக, உன்னாவில் கிடைத்து இப்போது லக்னோ அரசு அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு கற்சிலையைச் சொல்கிறார்கள். மல்லியாக இருக்கலாம் என்று கருதப்படும் அந்தச் சிலையில் ஆடை இல்லை. பத்மாசனம், தியானக் கை, மறைக்கப்படாத முலைகள். முலைகள் வற்றவுமில்லை, யாரையும் அழைக்கவுமில்லை. தலை உடைந்துபோயிருக்கிறது. முதுகில் நீளமான பின்னல் மட்டும் அப்படியே இருக்கிறது. என் மாணவிகளுக்கு அதன் படத்தைக் காட்டும்போது முன்பக்கத்தோடு முதுகுப்பக்கத்தையும் சேர்த்தே காட்டுகிறேன்.