பொட்டலும் புல்வெளியும்

கால்ஃப் ஆட்டத்தைப் பற்றி அருப்புக்கோட்டைக்காரன் எழுத வந்தால் வாசகர்கள் சிரிப்பது நியாயந்தான். எங்கள் ஊருக்கும் திருச்சுழிக்கும் இடையே பச்சைப் புல்லை ஐப்பசி, கார்த்திகையில் பார்த்தால் உண்டு. மாசி பிறந்துவிட்டால் ஆட்டுக்கே அகப்படாது. பந்துக்கு எங்கே போவது? ஆனால் நான் எழுத வந்தது ஆட்டத்தைப் பற்றி அல்ல, ஆடுகளங்களை வகுத்த ஒருவரைப் பற்றி. அவரும் என்னைப் போல நிறையச் செய்தவர். அந்த ஒரு சம்பந்தம் எனக்குப் போதும்.

போன மாதம் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். என் நாவல்கள் எல்லாவற்றையும் படித்தவராம். இத்தனை எழுதாமல் இருந்திருந்தால் இன்னும் நன்றாக எழுதியிருக்கலாமே என்று கேட்டிருந்தார். மரியாதையான கடிதம்; அதனால்தான் வலித்தது. நிறையச் செய்கிறவன் நன்றாகச் செய்ய முடியாதா? இந்தக் கேள்வியை என்னை வைத்துப் பரிசீலிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பீட்டர் தாம்ஸனை வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

தாம்ஸன் 1929-ல் ஆஸ்திரேலியாவில், மெல்போர்னின் பிரன்ஸ்விக் பகுதியில் பிறந்தவர். பிரிட்டிஷ் ஓப்பன் பந்தயத்தை 1954, 1955, 1956 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஜயித்தார்; 1958-ல் மறுபடியும். அமெரிக்க ஜாம்பவான்கள் வராத பந்தயங்கள் என்று சிலர் குறை சொன்னார்கள். 1965-ல் அர்னால்டு பாமரும் ஜாக் நிக்லாஸும் வந்திருந்தபோது ஐந்தாவது முறையாக ஜயித்து, அந்தப் பேச்சை நிறுத்தினார். 1964-ல் இந்தியன் ஓப்பன் டில்லியில் தொடங்கியபோது முதல் வெற்றியும் அவருடையதே. பத்திரிகையில் பல வருஷம் எழுதினார். 1982-ல் விக்டோரியா சட்டசபைத் தேர்தலில் நின்று தோற்றார். 2018-ல் காலமானார். இதற்கிடையில், கூட்டாளிகளோடு சேர்ந்து, பல தேசங்களில் நூற்றுக்கு மேற்பட்ட மைதானங்களைப் புதிதாக அமைத்தோ திருத்தியோ கொடுத்தார். பெங்களூரில் கர்நாடகா கால்ஃப் சங்கத்தின் மைதானம் அவர்கள் வகுத்தது. டில்லி கால்ஃப் கிளப்பின் லோதி மைதானத்தை 1970-களின் பிற்பகுதியில் திருத்தி அமைத்தவரும் அவரே.

மைதானத்தை வகுப்பது என்றால் என்ன? ஆட்டக்காரன் எங்கே நின்று அடிக்க வேண்டும், குழி எங்கே இருக்க வேண்டும், நடுவில் எந்த மேட்டை வைக்கலாம், மணற்பள்ளத்தை எங்கே வெட்டலாம் என்று தீர்மானிப்பது. இப்படிப் பதினெட்டுக் குழிகள். கேட்டால் பெரிய வித்தையாகத் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை, எங்கள் கோலியாட்டம் ஞாபகம் வரும்வரை.

சின்ன வயசில் கண்மாய்க் கரைக்குக் கீழே செவல் தரையில் கோலி ஆடுவோம். கரிசலில் ஆட முடியாது. வெயிலில் வாய்பிளந்து கோலியை விழுங்கிவிடும். குழி தோண்டும் உரிமை எங்களில் ஒருவனுக்குத்தான். அவன் நன்றாக ஆடமாட்டான். ஆனால் செம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீரைத் தரையில் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பான். அந்த ஓட்டத்துக்குச் சற்று ஒதுங்கிய இடத்தில் குழி போடுவான். நேரே குறிபார்த்து அடிக்கிறவனுடைய கோலி வழுக்கிப் போய்விடும். சரிவைக் கணக்குப் பண்ணிப் பக்கவாட்டில் உருட்டுகிறவனுடைய கோலி தானாக வந்து விழும்.

தாம்ஸனின் ரசனையும் இதுவே. பந்தை ஆகாயத்தில் பறக்கவிடுவதைவிடத் தரையில் ஓடவிடுவதில்தான் அவருக்குப் பிரியம். தரை கெட்டியாக, காய்ந்து, ஏற்ற இறக்கத்தோடு இருக்க வேண்டும். பறக்கவிடப் பலம் போதும். ஓடவிடப் புத்தி வேண்டும். ஸ்காட்லாந்தில் ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் கடற்கரையின் பழைய மைதானம் அவருக்கு வேதம் மாதிரி. அது யாரும் உட்கார்ந்து வரைந்த மைதானம் அல்ல. ஆடி ஆடியே உண்டானது.

பல வருஷங்களுக்கு முன், ஒரு குளிர்காலத்தில், டில்லியில் நண்பர் ஒருவர் என்னை லோதி மைதானத்துக்கு அழைத்துப் போனார். முகலாயர் காலத்துச் சமாதிகளுக்கு நடுவே மயில்கள் திரிந்தன. எங்கே பார்த்தாலும் அடர்ந்த முட்புதர்; அதனிடையே குறுகலாகப் புல்வழி. பந்து புதருக்குள் போனால் போனதுதான். வேறு இடங்களில் நெடுந்தூரம் அடித்துப் பெயர் வாங்கும் பலசாலிகள் இங்கே பெரிய மட்டையைப் பையை விட்டு எடுக்கவே பயப்படுவார்கள் என்று நண்பர் சொன்னார். எனக்குத் திருச்சுழிப் பக்கத்துக் கருவேலங்காட்டு ஒற்றையடிப் பாதை ஞாபகம் வந்தது. அந்தக் காட்டைத் தாம்ஸன் சிருஷ்டிக்கவில்லை. அதை எஜமானாக இருக்கவிட்டார். என் அபிப்பிராயத்தில் அவர் பெருமை அதில்தான் இருக்கிறது.

இதே மனிதர் தம் வேதபூமியான ஸெயின்ட் ஆண்ட்ரூஸுக்கு அருகே ட்யூக்ஸ் என்ற மைதானத்தை வகுத்தார், 1995-ல் திறந்தார்கள். கடலை விட்டு விலகிய உள்நாட்டு மேடு அது. ஓடுதரையை உபாசித்தவருக்கு அந்த மண் ஒத்துழைக்கவில்லை என்றே நினைக்கிறேன். பத்து வருஷம் சென்றபின் வேறொருவரைக் கொண்டு மாற்றி அமைத்தார்கள். டில்லி மைதானத்தையும் 2019-ல் காரி பிளேயர் திருத்தினார். புத்தகம் எழுதியவனுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. நம் அத்தியாயங்களை நாம் இருக்கும்போதோ போனபின்போ ஒருவன் வந்து திருத்தி எழுதுவதில்லை.

எண்ணிக்கையில் தாம்ஸனைத் தோற்கடித்தவர் டொனால்ட் ராஸ். 1872-ல் ஸ்காட்லாந்தில் பிறந்து, அமெரிக்காவுக்குப் போய், 1948-ல் காலமாவதற்குள் சுமார் 400 மைதானங்கள் வகுத்தவர். பலவற்றை அவர் நேரில் பார்த்ததே இல்லை. வரைபடத்தை மேஜையில் விரித்துக் குறித்துக் கொடுத்தார். ஆனால் தாம் குடியிருந்த பைன்ஹர்ஸ்டில் இரண்டாம் எண் மைதானத்தை மட்டும் ஆயுள் முழுவதும் இழைத்துக்கொண்டே இருந்தார். இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்வது அதுதான். அங்கே 1930-களின் நடுப்பகுதி வரை குழியைச் சுற்றி இருந்தது புல் அல்ல, மணல். பின்னால் வந்தவர்கள் எங்கும் புல்லை வளர்த்தார்கள். 2010-11-ல் சுமார் 35 ஏக்கர் புல்லைப் பெயர்த்துவிட்டுப் பழையபடி மணலையும் காட்டுக் கோரையையும் கொண்டுவந்தார்கள். தண்ணீர்ச் செலவு வெகுவாகக் குறைந்தது.

தண்ணீர் என்றதும் எங்கள் சீமைக்காரனுக்குப் பேச்சு மாறிவிடும். வறண்ட தேசத்தில் பதினெட்டுக் குழி மைதானம் ஒன்று, கோடை நாளில் பத்து லட்சம் லிட்டருக்கு மேலேகூடக் குடித்துவிடும். கிராமத்துக் குடிதண்ணீருக்குத் தலைக்கு 55 லிட்டர் என்பது சர்க்கார் கணக்கு. அப்படியானால் பதினெட்டாயிரம் ஜனங்களின் ஒரு நாள் தண்ணீர். கழிவுநீரைச் சுத்திகரித்துப் பாய்ச்சுகிறவர்கள் உண்டு, அவர்களுக்கு நமஸ்காரம். ஆனாலும் இந்தக் கலையைப் புகழும்போது இந்தக் கணக்கை மறைப்பது யோக்கியம் அல்ல.

எங்கள் பக்கத்துக் கண்மாய்களை வெட்டியவர்களும் தரையின் சரிவைப் படித்தவர்களே. மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வரும், கரை எப்படி வளைய வேண்டும், கலுங்கு எத்தனை உயரம் என்று பார்த்தார்கள். கலுங்கு ஒரு முழம் உயர்ந்தால் பெருமழையில் கரை போய்விடும். ஒரு முழம் தாழ்ந்தால் கதிர் முற்றுமுன் கண்மாய் வறண்டுவிடும். தாம்ஸனின் கணக்குப் பிசகினால் ஒரு பந்து காணாமற்போகும். இவர்கள் கணக்குப் பிசகினால் ஊர் பட்டினி. கண் ஒன்றுதான், பாரம் வேறு. இவர்களும் நிறையத்தான் செய்தார்கள். மழை பெய்தால் அந்தக் கண்மாய்களில் இன்றும் தண்ணீர் நிற்கிறது. ஒவ்வொன்றையும் அந்தந்த மண்ணில் நின்று வெட்டியதுதான் காரணம்.

ஆகவே நிறையச் செய்வது குற்றம் அல்ல. போய்ப் பார்க்காமல் செய்வதுதான் குற்றம். மண்ணைக் கேட்காமல் தன் கைப்பழக்கத்தை அதன்மேல் ஏற்றுவதும் குற்றம்.

இந்தத் தீர்ப்பு என்னையும் கட்டும். பம்பாயைக் கண்ணால் பார்க்காமலே, பம்பாயில் நடப்பதாக ஒரு தொடர்கதையை ஐம்பது வாரம் எழுதினேன். தெருப்பெயர்களை வரைபடத்தைப் பார்த்துப் போட்டேன். வாசகர்கள் வரவேற்றார்கள், பணமும் வந்தது. அந்தக் கதையில் ஒரு பாத்திரத்தின் முகம்கூட எனக்கு இன்று ஞாபகம் இல்லை.

கடிதம் எழுதிய வாசகருக்கு நேற்றுப் பதில் போட்டேன். எழுதுவதைக் குறைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுக்கவில்லை. அந்தப் பம்பாய் நாவலை மட்டும் அலமாரியிலிருந்து எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டேன்.