தொங்கும் எடையும் வெட்டும் வாயும்

கோல்டு ஸ்டீல் என்ற பெயரைக் கேட்டதும் கத்திப் பிரியர்களுக்கு அதன் விளம்பரப் படங்கள்தான் நினைவுக்கு வரும். மடக்குக் கத்தியின் அலகை இடுக்கியில் இறுக்கி, பிடியில் இரும்பு எடைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிடுவார்கள், கத்தி மடங்காது. அடுத்து தடித்த கயிறு ஒரே வீச்சில் அறுபடும், தொங்கும் பன்றி இறைச்சி பிளக்கும், காரின் தகட்டுக்குள் முனை இறங்கும். 1980-இல் லின் தாம்சன் கலிபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம் இது. 2020-இல் ஜி.எஸ்.எம். அவுட்டோர்ஸ் நிறுவனத்திடம் கைமாறும்வரை, இப்படிச் செய்து காட்டியே தன் பெயரை நிலைநாட்டியது. டாக்டிகல் கத்தி வாங்க நினைக்கும் இளைஞர்கள் இன்றும் தரத்தை இந்தக் கோல் கொண்டே அளக்கிறார்கள். அந்தக் கோல் எதை அளக்கிறது, எதை விட்டுவிடுகிறது?

முதலில் அதற்குரிய நியாயத்தைக் கொடுத்துவிட வேண்டும். மடக்குக் கத்தியில் திறந்த அலகைப் பூட்டி நிறுத்தும் லாக் நழுவினால் விரல் போய்விடும். வழக்கமான பின்பக்க லாக்கில் அலகு மடங்க முயலும் விசை முழுவதும் லாக் தண்டின் வழியாக அதன் அச்சாணிக்குப் போகும். கோல்டு ஸ்டீல் மடக்குக் கத்திகளில் வரும், ஆண்ட்ரூ டெம்கோ வடிவமைத்த ட்ரை-ஆட் லாக்கில், அலகுக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு தடுப்பு ஊசி நிற்கிறது. விசையை அது வாங்கிக் கைப்பிடியின் உடலுக்குக் கடத்திவிடுகிறது. தண்டின் அச்சுத் துளையும் சற்றே நீள்வட்டமாக இருப்பதால், நாளாக நாளாகத் தேய்ந்தாலும் தண்டு தானே கீழிறங்கிப் பொருந்திக்கொள்ளும். நான் பார்த்த லாக் வடிவமைப்புகளில் இதற்கு இணையானவை மிகச் சில. எடை தொங்கவிடும் சோதனை இந்த உண்மையை நேர்மையாகவே காட்டுகிறது.

ஆனால் வெட்டும்போது என்ன நடக்கிறது? அலகை நாம் பொருளின் மேல் அழுத்துகிறோம். அந்த விசை அலகைத் திறந்த நிலையை நோக்கியே தள்ளுகிறது. லாக்கின் மீது சுமை விழுவது குத்தும்போதும், சிக்கிய அலகைப் பிடுங்கும்போதும், முதுகில் அடி படும்போதும்தான். அட்டைப்பெட்டி கிழித்து, கயிறு அறுத்து, பழம் நறுக்கும் ஒருவருக்கு அந்தக் கணம் அபூர்வம். அபூர்வமானது என்பதால் பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கத்தியின் மதிப்பு முழுவதையும் அந்தக் கணத்தின் மேல் ஏற்றி வைப்பதுதான் தவறு.

வலிமைக் காட்சியில் தடித்த அலகு எப்போதும் ஜெயிக்கும். மற்றவை ஒத்திருந்தால், தகட்டின் தடிமன் இரட்டிக்கும்போது அது வளைவை எதிர்க்கும் திறன் எட்டு மடங்காகிறது. இந்த நிறுவனத்தின் மடங்காத எஸ்.ஆர்.கே. கத்தி ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தடிமன். சுவீடனின் மோரா கம்பேனியன் கத்தி அதில் பாதி. விறகைப் பிளக்க முன்னதைத்தான் எடுப்பேன். கேரட்டை வைத்துப் பாருங்கள்: தடித்த அலகு ஆப்பாக இறங்கிப் பாதியிலேயே காயைப் பிளந்துவிடும், மெல்லியது வழுக்கிக்கொண்டு போகும். கத்தி செய்ய வேண்டிய முதல் வேலையில் மலிவான மோரா முந்துகிறது. விளம்பரப் படத்தில் இதற்கு இடமில்லை.

கயிறு அறுக்கும் காட்சியில் நான் காணும் குறை இன்னும் பெரியது. புதிதாகத் தீட்டிய வாய், பழகிய கை, முழு வீச்சு. முதல் வெட்டு எந்த நல்ல கத்திக்கும் எளிது. நூறாவது வெட்டில்தான் எஃகும் அதன் பதமும் தெரியவரும். ஷெஃபீல்டில் உள்ள காட்ரா ஆய்வகத்தின் எந்திரம், மணல் கலந்த அட்டைகளை ஒரே அழுத்தத்தில் மீண்டும் மீண்டும் வெட்டி, வாய் மழுங்கும் வேகத்தை அளக்கிறது. பார்க்கச் சுவையற்ற சோதனைதான். வாங்குபவருக்குப் பயன்படுவது அதுவே. உலோகவியலாளர் லாரின் தாமஸ் இவ்வகைச் சோதனைகளால் காட்டிய ஒன்றை எல்லாரும் அறிய வேண்டும்: எஃகின் பெயரைப் போலவே வாயின் கோணமும் கூர் நிலைப்பதைத் தீர்மானிக்கிறது.

எஃகின் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய கோல்டு ஸ்டீல் கத்திகளில் 'கார்பன் வி' என்றிருக்கும். அது நிறுவனமே வைத்த வணிகப் பெயர். எந்த உலோகப் பட்டியலிலும் தேடி ஒப்பிட முடியாத ஒன்றை நம்பிக்கையின் பேரில்தான் வாங்க வேண்டியிருந்தது. எஃகு நல்லதாகவே இருந்தது, ஆனாலும் அந்த மறைப்பு சரியன்று. அக்கத்திகளைச் செய்து கொடுத்த கமிலஸ் 2007-இல் மூடப்பட்டபோது கார்பன் வியும் போயிற்று. ரீகான் 1 என்ற மடக்குக் கத்தி ஏ.யு.எஸ்.-8ஏ, சி.டி.எஸ்.-எக்ஸ்.ஹெச்.பி., எஸ்35விஎன் என்று மூன்று எஃகுகளில் வந்துவிட்டது. இவற்றின் கூர் ஒன்றுபோல் நிலைப்பதில்லை. பெயர் மட்டும் மாறவில்லை. பத்தாண்டுக்கு முன் எழுதிய பாராட்டோ வசையோ இன்று கடையில் இருக்கும் கத்தியைப் பற்றியதன்று.

ஆகவே இந்தப் பிராண்டை மொத்தமாக நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்வது பொருந்தாது. எஸ்.கே.-5 எஃகில் வரும் இன்றைய எஸ்.ஆர்.கே. துருப்பிடிக்கும், எண்ணெய் பூசிப் பேண வேண்டும். ஆனால் எளிதில் கூராகும், முரட்டு வேலையைத் தாங்கும். கொடுக்கும் காசுக்கு ஏற்ற வெளிக்களக் கத்தி. ரீகான் 1, கையுறை போட்ட கையால் கடும் வேலை செய்பவருக்குத் தகும். சட்டைப்பையில் வைத்துத் தினமும் சிறு வேலைக்கு எடுப்பவருக்குத் தடிமனும் இறுக்கமும் வீண் சுமை. வாங்கும் முன் எஃகின் பெயர், தயாரித்த ஆண்டு, வாய்க்குச் சற்று மேலே அலகின் தடிமன் ஆகிய மூன்றையும் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.