ரீஃபாக்டரிங் (நூல்): நகல் நிரலும் சிக்கலும்

ரீஃபாக்டரிங் (1999) மார்ட்டின் ஃபௌலர் எழுதிய மென்பொருள் பொறியியல் நூல். ‘ஏற்கெனவே உள்ள நிரலின் வடிவமைப்பை மேம்படுத்துதல்’ என்பது அதன் துணைத்தலைப்பின் பொருள். நிரலின் வெளிப்புறச் செயல்பாட்டை மாற்றாமல், அதன் உள்ளமைப்பை மட்டும் சிறு சிறு படிகளில் சீராக்கும் முறையை இந்நூல் விளக்குகிறது. பல இடங்களில் திரும்ப எழுதப்பட்ட நகல் நிரலையும், படிப்பவருக்குப் பிடிபடாத சிக்கலையும் கண்டுபிடித்துக் குறைப்பது நூலின் மையப் பொருள்களில் ஒன்று. இரண்டாம் பதிப்பு 2018-ல் வெளிவந்தது. நகலை எப்படி நீக்குவது என்பதை இந்நூல் தெளிவாகக் கற்றுத்தருகிறது. எந்த நகலை நீக்காமல் விட வேண்டும் என்பதை அதே தெளிவுடன் கற்றுத்தரவில்லை. அதன் பலமும் குறையும் இந்த இடத்தில்தான் உள்ளன.

பின்புலம்

மார்ட்டின் ஃபௌலர் 1963-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். ‘ரீஃபாக்டரிங்’ என்ற சொல் அவர் உருவாக்கியதல்ல. ஸ்மால்டாக் மொழியில் எழுதிய நிரலாளர்களிடம் அது முன்பே புழங்கியது. வில்லியம் ஆப்டைக் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஜான்சனின் வழிகாட்டலில் இதை ஆய்வு செய்து 1992-ல் முனைவர் பட்டம் பெற்றார். ஜான் பிராண்ட், டான் ராபர்ட்ஸ் இருவரும் இந்த மாற்றங்களைத் தானாகச் செய்யும் கருவியொன்றை ஸ்மால்டாக் மொழிக்கு உருவாக்கினர். இம்மூவரும் கென்ட் பெக்கும் முதல் பதிப்பின் சில பகுதிகளை எழுதினர். ஒரு சிறு வட்டத்தின் பழக்கமாக இருந்ததை எல்லா நிரலாளர்களும் கற்கும் பாடமாக மாற்றியது ஃபௌலரின் பங்களிப்பு.

நூலின் அமைப்பு

நூல் இலக்கணம் சொல்லித் தொடங்கவில்லை, எடுத்துக்காட்டிலிருந்து தொடங்குகிறது. முதல் பதிப்பில் வீடியோ வாடகைக் கடையின் ரசீது. இரண்டாம் பதிப்பில் நாடகக் குழுவின் கட்டண ரசீது. இரண்டிலும் கணக்கிடும் வேலையும் அச்சிடும் வேலையும் ஒரே நீண்ட செயற்கூற்றில் கலந்து கிடக்கின்றன. அதே ரசீது வலைப்பக்க வடிவிலும் வேண்டும் என்று கேட்கிறார்கள். முழுச் செயற்கூற்றையும் நகலெடுத்து அச்சிடும் வரிகளை மட்டும் மாற்றினால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் கட்டண விதி மாறும் நாளில் இரண்டு இடங்களையும் திருத்த வேண்டும். ஒன்றை மறந்தால் ஒரே வாடிக்கையாளருக்கு இருவேறு தொகைகள் வரும். ஃபௌலர் கணக்கைத் தனியே பிரித்தெடுத்து இரு ரசீதுகளுக்கும் பொதுவாக்குகிறார். ஒவ்வொரு சிறு மாற்றத்திற்குப் பின்னும் சோதனைகளை ஓட்டிப் பார்க்கிறார்.

அடுத்து ‘கெட்ட வாடைகள்’ பற்றிய இயல் வருகிறது. இது கென்ட் பெக்குடன் சேர்ந்து எழுதப்பட்டது. நகல் நிரல், நீண்ட செயற்கூறு, நீண்ட அளவுருப் பட்டியல், அளவுக்கு மீறிப் பெருத்த இனக்குழு முதலியவை இதில் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. வாடை என்றாலே அங்கு கெட்டுப்போன பொருள் இருந்தாக வேண்டும் என்பதில்லை. எங்கே மூடியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அது காட்டுகிறது. நூலின் மீதிப் பெரும்பகுதி மாற்றங்களின் அகரமுதலி போன்றது. ஒவ்வொரு மாற்றத்திற்கும் பெயர், காரணம், செய்முறை, எடுத்துக்காட்டு ஆகியவை உண்டு. பெயர் சூட்டியது சிறிய காரியம் அல்ல. ‘இந்தப் பகுதியைக் கொஞ்சம் சரிசெய்தேன்’ என்று பொதுவாகச் சொன்னவர்கள், என்ன செய்தோம் என்பதை ஒரே சொல்லில் சக நிரலாளருக்குச் சொல்ல முடிந்தது.

நகல் ஏன் தீங்கு

நகல் நிரல் இடத்தை அடைக்கிறது என்பது சிறிய குறை. பெரிய குறை, ஒரு பிரதியில் செய்த திருத்தம் மற்றப் பிரதிகளுக்குத் தானாகப் போய்ச்சேராது என்பது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வு இதையே பேசியது. ஒரே மாதிரியான பிரதிகளில் சில மட்டும் மாற்றப்படுவது அடிக்கடி நடக்கிறது என்றும், அப்படி அறியாமல் விட்டவை பிழைக்கு இடமாகின்றன என்றும் அவர்கள் கண்டனர்.

2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் திருத்திய ஒரு பாதுகாப்புப் பிழை இங்கே நினைவுகூரத்தக்கது. பாதுகாப்பான இணைய இணைப்பை ஏற்படுத்தும் நிரலில், ‘பிழையானால் இறுதிக்குத் தாவு’ என்ற பொருளுள்ள ஒரு வரி அடுத்தடுத்து இருமுறை இடம்பெற்றிருந்தது. முதல் வரி நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவது வரிக்கு நிபந்தனை இல்லை. ஆகவே எப்போதும் அந்த இடத்திலேயே தாவல் நிகழ்ந்தது. எதிர்முனையில் உள்ள சேவையகத்தின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் வேலை நடக்காமலே, எல்லாம் சரி என்ற விடை வந்தது. ஐபோன், ஐபேட், மேக் கணினி ஆகியவற்றைப் பயன்படுத்தியோரின் இணைப்புகளை இடையில் இருப்பவர் ஒட்டுக்கேட்க இது வழிவிட்டது. அந்தச் சரிபார்ப்பு வரிசை அதே கோப்பின் வேறு இடங்களிலும் ஏறக்குறைய அப்படியே எழுதப்பட்டிருந்தது. அது ஒரே செயற்கூறாக இருந்து, அதற்கென ஒரு சோதனையும் இருந்திருந்தால் பிழை வெளிப்பட வாய்ப்பு அதிகம். ஃபௌலர் வற்புறுத்துவதும் இதைத்தான்: பிரித்தெடு, பெயரிடு, சோதித்துப் பார்.

மூக்கும் அளவுகோலும்

சிக்கலை எண்ணால் அளக்கும் முயற்சி இந்நூலுக்கு மிகவும் முந்தையது. தாமஸ் மெக்கேப் 1976-ல் ஓர் எளிய அளவை முன்வைத்தார். ஒரு செயற்கூற்றில் உள்ள நிபந்தனைப் பிரிவுகளையும் மடக்குகளையும் எண்ணி ஒன்றைக் கூட்டினால் அதன் சிக்கல் எண் கிடைக்கும். அது 10-ஐத் தாண்டினால் செயற்கூற்றைப் பிரிப்பது நல்லது என்றார். நகலைத் தேடும் கருவிகளும் 1990-களில் வளர்ந்தன. பெல் ஆய்வகத்தில் பிரெண்டா பேக்கர் உருவாக்கிய கருவி, மாறிகளின் பெயர்கள் மாற்றப்பட்ட பிரதிகளையும் கண்டுபிடித்தது. ஆய்வாளர்கள் நகலை நான்கு வகையாகப் பிரிப்பது வழக்கம்: எழுத்துக்கு எழுத்து ஒத்தது, பெயர் மட்டும் மாறியது, இடையில் சில வரிகள் கூடியோ குறைந்தோ இருப்பது, எழுத்தில் வேறாக இருந்தும் ஒரே வேலையைச் செய்வது. முதல் மூன்றையும் கருவிகள் ஓரளவு பிடித்துவிடுகின்றன. நான்காவது பெரும்பாலும் மனிதக் கண்ணுக்கே தட்டுப்படுகிறது.

ஃபௌலர் அளவுகோல்களை நம்பவில்லை. அனுபவமுள்ள மனிதரின் உள்ளுணர்வுக்கு எந்த எண்ணும் ஈடாகாது என்பது அவர் நிலைப்பாடு. அதில் உண்மை இருக்கிறது. பன்னிரண்டு மாதங்களின் பெயர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் செயற்கூற்றின் மெக்கேப் எண் 10-ஐத் தாண்டும். ஆனால் அதைப் படிக்க ஒருவரும் திணறமாட்டார். இத்தகைய நீண்ட தேர்வுப் பட்டியல்களுக்கு மெக்கேப்பே விலக்கு அளித்திருக்கிறார். மறுபுறம், மேலே சொன்ன நிபந்தனையற்ற தாவல் வரி மெக்கேப் எண்ணை உயர்த்துவதே இல்லை. அத்தனை பெரிய ஆபத்து, எண்ணில் தடம் பதிக்கவில்லை.

ஆனாலும் இந்த நிலைப்பாட்டில் ஒரு குறை உண்டு. மூக்கு பழகியவருக்குத்தான் வாடை தெரியும். புதிதாகக் கற்பவருக்கு எது நீண்ட செயற்கூறு, எது அளவான செயற்கூறு என்று தெரியாது. அவருக்கு ஓர் எண், தோராயமானதாக இருந்தாலும், கைப்பிடிக் கம்பி போல உதவும். பல்லாயிரம் வரிகள் கொண்ட பழைய நிரலில் எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்று அனுபவசாலிக்கும் அது சொல்லும். அளவுகோலைத் தீர்ப்பாகக் கொள்வது தவறு. அறிகுறியாகக் கொள்ளலாம். காய்ச்சல் மானி நோயின் பெயரைச் சொல்லாது என்பதற்காக எந்த மருத்துவரும் அதை எறிந்துவிடுவதில்லை.

விட்டுவைக்க வேண்டிய நகல்

நூலின் முக்கியமான இடைவெளி இங்கே இருக்கிறது. பள்ளி ஒன்றின் தேர்வு நிரலில் 35 என்ற எண் இரண்டு இடங்களில் வருவதாகக் கொள்வோம். ஒன்று தேர்ச்சி மதிப்பெண். மற்றொன்று ஒரு தேர்வறையில் உட்காரும் மாணவர் எண்ணிக்கை. எழுத்தளவில் இரண்டும் ஒன்றே. ‘நகலை நீக்கு’ என்ற விதியைப் படித்த ஒருவர் இரண்டையும் ஒரே மாறியாக ஆக்கினால், அறையில் மேசைகளைக் குறைக்கும் நாளில் தேர்ச்சி மதிப்பெண்ணும் குறைந்துவிடும். இங்கே திரும்ப வந்தது இலக்கம் மட்டுமே. பின்னால் இருக்கும் முடிவுகள் வெவ்வேறு அதிகாரிகள் வெவ்வேறு காரணங்களுக்காக எடுப்பவை.

ஃபௌலரின் நூல் வெளிவந்த அதே 1999-ல் ஆண்ட்ரூ ஹண்ட், டேவிட் தாமஸ் இருவரும் எழுதிய ‘பிராக்மேட்டிக் புரோகிராமர்’ நூலும் வந்தது. அறிவின் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அமைப்பில் ஒரே ஓர் இருப்பிடம் வேண்டும் என்பது அவர்கள் வகுத்த விதி. வாசகர்கள் பலர் அதை ‘ஒரே வரியை இருமுறை எழுதாதே’ என்று சுருக்கிக்கொண்டனர். அந்த நூலின் 2019 பதிப்பில் ஆசிரியர்கள் இந்தத் தவறான புரிதலைக் குறிப்பிட்டு, விதி அறிவைப் பற்றியது என்று மீண்டும் விளக்க நேர்ந்தது.

வேறு வேறு தேவைகளை ஒரே நிரலுக்குள் அடைத்தால் என்ன ஆகும்? ‘இது முதல் வகையா, இரண்டாம் வகையா’ என்று கேட்கும் ஓர் அளவுரு சேரும். பிறகு மூன்றாவது வகைக்கு இன்னொன்று. நகல் குறைந்தது, ஆனால் அதன் இடத்தில் சிக்கல் வந்து உட்கார்ந்தது. சாண்டி மெட்ஸ் 2016-ல் எழுதிய கட்டுரையில் இந்த வரிசையைப் படிப்படியாகக் காட்டி, பொருந்தாத பொதுமையைவிட நகலே செலவு குறைந்தது என்று வாதிட்டார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கோரி காப்சரும் மைக்கேல் காட்ஃப்ரேயும் 2006-ல், நகலெடுப்பது சில சூழல்களில் முறையான வடிவமைப்பு முடிவே என்று காட்டினர். ஒன்றுக்கொன்று நெருங்கிய, ஆனால் தனித்தனியே மாறப்போகும் வன்பொருள்களுக்கான இயக்கி நிரல்கள் இதற்கு எடுத்துக்காட்டு.

1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் 40 விநாடிகளுக்குள் வழிதவறி அழிந்தது. அதன் நிலையறியும் கருவியின் நிரல் ஏரியான் 4-லிருந்து எடுக்கப்பட்டது. அந்த நிரலின் ஒரு பகுதி, புறப்பட்ட பிறகு புதிய ராக்கெட்டுக்குத் தேவையே இல்லாதது. புதிய ராக்கெட்டின் கிடைவேகம் பழையதைவிட அதிகம். அதனால் ஒரு மதிப்பு 16 பிட் இடத்தில் அடங்காமல் வழிந்தது. மாற்றாக வைத்திருந்த இரண்டாவது கருவியிலும் அதே நிரல் இருந்ததால் அதுவும் அதே முறையில் நின்றது. ஒன்றாகத் தோன்றிய தேவைகள் உண்மையில் ஒன்றல்ல என்பதை யாரும் சரிபார்க்காததன் விலை அது.

ஃபௌலர் இதை அறியாதவர் அல்ல. டான் ராபர்ட்ஸ் சொன்ன ‘மூன்றின் விதி’ நூலில் இருக்கிறது. அதன்படி, ஒரே மாதிரியானது இரண்டாம் முறை வந்தால் பொறுத்துக்கொள்ளலாம், மூன்றாம் முறை வந்தால் சீர்செய்ய வேண்டும். எதிர்காலத்தில் தேவைப்படலாம் என்று ஊகித்துச் செய்த பொதுமையும் கெட்ட வாடைகளில் ஒன்றாக இடம்பெறுகிறது. பிரித்தெடுத்ததைத் திரும்பச் சேர்க்கும் எதிர்மாற்றமும், வகை கேட்கும் அளவுருவை நீக்கும் மாற்றமும் இரண்டு பதிப்புகளிலும் உண்டு. மருந்துகள் எல்லாம் அலமாரியில் இருக்கின்றன. எந்த நகல் உண்மையானது, எது தோற்றம் மட்டும் என்று கண்டறியும் வழி தனி இயலாக எழுதப்படவில்லை. மூன்று என்ற எண்ணிக்கை அந்தக் கேள்விக்கு விடையாகாது.

இரண்டு பதிப்புகள்

முதல் பதிப்பின் எடுத்துக்காட்டுகள் ஜாவா மொழியிலும், இரண்டாம் பதிப்பின் எடுத்துக்காட்டுகள் ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலும் உள்ளன. வாடைகளின் வரிசையில் ஏற்பட்ட மாற்றம் கவனிக்கத்தக்கது. 1999-ல் நகல் நிரலுக்கு முதலிடம். 2018-ல் பொருள் விளங்காத பெயருக்கு முதலிடம், நகலுக்கு இரண்டாமிடம். இருபதாண்டு அனுபவத்தின் சாரம் இந்த இடமாற்றத்தில் தெரிகிறது. ஒரு பகுதிக்குச் சரியான பெயர் கிடைக்காவிட்டால் அது எதைச் செய்கிறது என்று இன்னும் விளங்கவில்லை என்று பொருள். விளங்காத இரண்டை ஒன்றாக்குவது ஆபத்து.

இரண்டாம் பதிப்பின் ரசீது எடுத்துக்காட்டில், 44 வரிகளாக இருந்த நிரல் சீராக்கத்தின் நடுவில் 70 வரிகளாக வளர்கிறது. ஃபௌலர் அதை மறைக்காமல் சொல்கிறார். நிரலின் நீளம் குறைவதே வெற்றி என்று நினைப்பவர்கள் அந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும்.

மதிப்பீடு

பாதுகாப்பாக நிரலை மாற்றும் செய்முறை நூல் என்ற வகையில் ரீஃபாக்டரிங் இன்றும் முதல் வரிசையில் நிற்கிறது. சிறு படி, உடனடிச் சோதனை, பொருள் தரும் பெயர் ஆகிய மூன்றும் எந்த மொழிக்கும் பொருந்தும். சோதனை இல்லாத நிரலில் கைவைக்கத் தயங்க வேண்டும் என்ற அறிவுரையும் அப்படியே. நகலைப் பற்றிய அதன் பாடத்தை மட்டும் வாசகர் ஒரு கேள்வியுடன் சேர்த்துப் படிப்பது நல்லது. இந்த இரண்டு பகுதிகளில் ஒன்று மாறினால் மற்றதும் மாறியே ஆக வேண்டுமா? ஆம் என்றால் அது நகல், ஒன்றாக்கலாம். இல்லை என்றால் இரண்டும் இன்று தற்செயலாக ஒத்திருக்கின்றன, அவ்வளவே. இந்தக் கேள்விக்கு விடை நிரலுக்குள் இல்லை. கட்டண விதியை யார் வகுக்கிறார், தேர்ச்சி மதிப்பெண்ணை யார் மாற்றுவார் என்று அறிந்தவரிடம் போய்க் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.