கால்சியக் கோடு

புன்னைக்காயல் கரையில் பரதவர் மூச்சடக்கி அள்ளிவந்த முத்தில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட். அந்தக் கால்சியம் கடலில் பிறந்ததல்ல. சூரியனுக்கு முன்பே வெடித்துச் சிதறிய விண்மீன்களில் வெந்தது. விண்மீன் ஒளியை நிறம்பிரித்தால், ஊதா ஓரத்தில் 393.4 நானோமீட்டரில் கால்சியத்தின் கருங்கோடு தெரியும். சூரியனில் தடித்துக் கிடக்கும். பால்வீதியின் ஆதி விண்மீன்களிலோ மயிரிழைதான். அவை பிறந்தபோது உலோகம் அவ்வளவு அரிது. (வானியலாருக்கு ஆக்சிஜனும் உலோகமே; வேதியியல் ஆசிரியர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.)

வண்ண நெபுலாப் படங்களைவிட எனக்கு அழகு அந்த மெலிவே. காவலூரின் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியில் பழகும் இளம் ஆய்வாளர் அதைக் கண்டதும் துள்ளிவிட முடியாது. சூடான விண்மீனிலும் கோடு மெலியும். முதலில் வெப்பநிலையைக் கணக்கிட வேண்டும். பழமை பற்றிய பேச்சு அப்புறம்தான்.