துஷெய்கோ அம்மையாரும் திணை வழுவமைதியும்

அயல்நாட்டு நாவல் ஒன்றைப் படித்து முடித்ததும் கதை நன்று, தீது என்று கூறி அமைந்துவிடுகிறோம். அக்கதையை நம் மொழியில் சொல்லப் புகுந்தால் தமிழ் இலக்கணம் அதனிடம் என்ன வினாவும் என்று எண்ணிப் பார்ப்பது அரிது. அவ்வாறு எண்ணிப் பார்க்கத் தூண்டும் நாவல் ஒன்று போலந்து நாட்டிலிருந்து வந்துள்ளது.

ஓல்கா தொகார்ச்சூக் என்னும் எழுத்தாளர் 2009இல் போலிஷ் மொழியில் அதனை வெளியிட்டார். அந்தோனியா லாய்ட்-ஜோன்ஸ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2018இல் வந்தது. இறந்தோர் எலும்புகளின் மீது உன் ஏரை ஓட்டு என்று பொருள்படும் அதன் தலைப்பு, ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக்கிடமிருந்து எடுக்கப்பட்டது. ஆசிரியருக்கு 2018ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசு 2019இல் அறிவிக்கப்பட்டது.

கதையைச் சொல்பவர் யானினா துஷெய்கோ என்னும் முதிய பெண்மணி. முன்னாளில் பாலம் கட்டும் பொறியாளர். இந்நாளில் செக் நாட்டு எல்லையை ஒட்டிய மலைச் சிற்றூரில் தனித்து வாழ்பவர். அவ்வூர்ப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறார்; சோதிடம் கணிக்கிறார்; பழைய மாணவன் ஒருவனோடு அமர்ந்து பிளேக்கின் பாடல்களை மொழிபெயர்க்கிறார். விலங்குகளைக் கொல்வோர் மீது காவல்துறைக்கு ஓயாமல் புகார்க் கடிதம் எழுதுகிறார். அக்கடிதங்களை எவரும் பொருட்படுத்துவதில்லை. இதற்கிடையே ஊரில் வேட்டையாடிகள் ஒருவர்பின் ஒருவராக மடிகின்றனர். விலங்குகளே பழி தீர்த்துக்கொள்கின்றன என்கிறார் அம்மையார். முடிவைச் சொல்லாமல் இந்நாவலை ஆராய இயலாது: கொன்றவர் அவரே. தாம் மகள்களைப்போல் வளர்த்த இரு நாய்களை அவ்வேட்டையாடிகள் கொன்றதை அறிந்தபின் அவர் செய்த செயல் அது.

இந்நாவலைப் படிப்போர் இரு கட்சியாகப் பிரிவதைக் காணலாம். அம்மையார் பித்துப் பிடித்தவர். அவர் சொல்லை நம்பியது நம் ஏமாளித்தனம் என்பர் ஒரு சாரார். ஊரே கண்ணை மூடிக்கொண்டபோது விழித்திருந்தவர் அவர் ஒருவரே என்பர் மற்றொரு சாரார். இவ்வழக்கைத் தீர்க்க உளநூலைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. தமிழாசிரியர் கையில் உள்ள இலக்கண நூலே போதும்.

ஆங்கிலத்தில் அம்மையாரின் நடைக்குத் தனி அடையாளம் ஒன்றுண்டு. விலங்கு, இரவு, சினம் முதலான சொற்களைப் பெரிய எழுத்திட்டுத் தொடங்குவது அது. தமிழில் பெரிய எழுத்து இல்லை. ஆகவே மொழிபெயர்ப்பாளர் கை இழந்தவர் ஆவார் என்று தோன்றும். உண்மை அதற்கு மாறானது. பெரிய எழுத்தைவிட ஆழமான கருவி தமிழில் உண்டு. அதுவே திணை.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தைக் கிளவியாக்கத்தில் தொடங்கும்போதே மக்களை உயர்திணை என்றும், அவரல்லாத பிறவற்றை அஃறிணை என்றும் வகுத்துவிடுகிறார். அவ்வரம்பு நம் வினைமுற்று ஒவ்வொன்றிலும் ஏறி நிற்கிறது. துஷெய்கோ அம்மையார் தம் நாய்களைச் சிறுமியர் என்றும், மான்களை இளநங்கையர் என்றும் அழைக்கிறார். ஆங்கிலத்தில் பெயரை மட்டும் மாற்றினால் போதும், வினை மாறுவதில்லை. தமிழிலோ, அந்த நாய் வந்ததா, வந்தாளா என்று வரிக்கு வரி முடிவு செய்தாக வேண்டும். விலங்குக்கும் உயிருண்டு என்ற அம்மையாரின் கட்சியைத் தமிழில் தருவோர், அதனை ஒவ்வொரு வினையின் விகுதியிலும் ஏற்கவோ மறுக்கவோ வேண்டும்.

இதற்கும் நம் முன்னோர் வழி செய்துள்ளனர். உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு என்னும் ஐந்து காரணங்களால் திணையும் பாலும் மாறி வரினும் இழுக்கில்லை என்பது நன்னூலார் துணிபு. பசுவொன்றைப் பார்த்து என் அம்மை வந்தாள் என்று ஒருவன் மகிழ்ந்து கூறுவதை உவப்பிற்குக் காட்டாக வகுப்பில் சொல்லாத ஆசிரியர் இலர். பினாங்கில் தண்ணீர்மலைக்கு அருகிலுள்ள தாவரத் தோட்டத்திலே, கைப்பொருளைப் பறிக்க வரும் குரங்கைக் கண்டு "இதோ வந்துவிட்டார்" என்று நகைப்பவரும் இந்த விதிக்குள்ளேயே பேசுகிறார். ஆகவே மானை நங்கை என்பதனாலேயே அம்மையாரைப் பித்தர் எனல் தகாது. உவப்பினால் அஃறிணையை உயர்த்தும் அந்நெஞ்சம் நமக்குப் புதிதன்று.

ஆயினும் அந்த ஐந்தினுள் செறலும் இழிப்பும் இருப்பதை மறத்தலாகாது. உயர்த்துவதற்கு வழிவிட்ட இலக்கணம், சினத்தாலும் வெறுப்பாலும் மனிதனைத் தாழ்த்துவதற்கும் வழிவிட்டிருக்கிறது. அம்மையார் எவரையும் அவரவர் பெயரால் அழைக்க விரும்புவதில்லை. தாமே பெயர் சூட்டுகிறார். அயல்வீட்டு வேட்டைக்காரன் அவருக்குப் 'பெருங்கால்' ஆகிறான். தொடக்கத்தில் இது வேடிக்கையாகத் தோன்றுகிறது. நாமும் உடன் சிரிக்கிறோம். மானுக்கு முகம் கிடைக்கக் கிடைக்க, வேட்டையாடிகள் முகம் இழக்கின்றனர். நாவலின் கொலை நிகழ்வது இரவில் அன்று, சொல்லில். அதன்பின் கை செய்தது சொல்லின் மிச்சமே.

இவ்விடத்தில் திருவாரூர் மனுநீதிச் சோழன் கதை நினைவிற்கு வருகிறது. அங்கும் இறந்தது ஒரு விலங்கு, ஆன் கன்று. அங்கும் முறையிட்டது வாயில்லா உயிர். ஆனால் பசு அசைத்த மணியைக் கேட்க அங்கே ஓர் அரசன் இருந்தான். துஷெய்கோ அம்மையார் எழுதிய கடிதங்கள் யாவும் அசைத்த மணிகளே, கேட்பார்தாம் இலர். ஒளவையின் முதுமைக்கு வேந்தரும் செவி சாய்த்தனர் என்பது நம் மரபு. இவருடைய முதுமையோ, சொல்லைத் தள்ளிவிட ஊராருக்குக் கிடைத்த காரணம். அந்த அளவில் அவருக்காக வழக்காடும் வாசகர் பக்கம் நியாயம் உண்டு.

அதற்கு அப்பால் இல்லை. சோழன் கன்றை உயர்த்தினானே ஒழிய, மகனைத் தாழ்த்தவில்லை. மகன் அருமை முழுதும் உணர்ந்தே, ஊர் அறியத் தானே தேரூர்ந்தான். அவன் கொடுத்த விலை அவனுடையது. அம்மையார் கொடுத்த விலை பிறருடைய உயிர், அதுவும் மறைவில். நீதிக்கும் பழிக்கும் இடையேயுள்ள தூரம் இதுவே.

நாவலில் குறை ஒன்றுண்டு. வேட்டையாடிகள் கொடியவர்களாகவே வந்து கொடியவர்களாகவே மடிகின்றனர். அவர்களுள் ஒருவனுக்கேனும் நம் நெஞ்சில் இடம் கிடைத்திருப்பின் இறுதி இன்னும் சுட்டிருக்கும். கதை முழுவதும் அம்மையார் வாயிலாகவே வருவதால் அது இயல்பு என விடை கூறலாம். ஆனால் பெருங்கால் இறந்து கிடந்தபோது அவன் உடலுக்கு நல்லாடை உடுத்தியவரும் இதே அம்மையார்தாம். அந்த இரக்கம் பின்னர் எங்குச் சென்றது என்பதை ஆசிரியர் இன்னும் சற்று நின்று காட்டியிருக்கலாம்.

வழுவமைதி என்பது வழுவை அமைத்துக்கொள்வதே அன்றி வழுவை விதியாக்குவது அன்று. விலங்கை உயர்திணைக்கு அழைக்கும் உரிமையை அன்பு தருகிறது. மனிதனை அஃறிணைக்குத் தள்ளும் உரிமையைச் சினம் நாவிற்குத் தரலாம், கைக்குத் தருவதில்லை. இதை ஒரு போலிஷ் மூதாட்டியின் கதை நமக்கு நினைவூட்டுகிறது. திணையைக் கற்பிக்கும் ஆசிரியர் அடுத்த முறை அந்தப் பசுவின் காட்டைச் சொல்லும்போது, இந்நாவலையும் மாணவர்க்கு ஒரு சொல் சொல்லிவைப்பாராக.